நீலம் என்பது ஒரு குறை

"பச்சை ஜோடி சாதா சார். நீலம்தான் ரேட்டு." பறவைக் கடையில் இதைக் கேட்டுத் தலையாட்டியவன்தான் நானும்.

லவ் பேர்ட்ஸ் என்று நாம் கூப்பிடும் பட்ஜிக்கு, ஆஸ்திரேலியக் காட்டில் நிறம் பச்சைதான். அதற்குப் பச்சை நிறமியே கிடையாது. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலம் தருகிறது. மேலே மஞ்சள் நிறமி சேர்ந்தால் பச்சை. அந்த மஞ்சளை உண்டாக்கும் நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் வந்ததே நீலப் பறவை என்று 2017இல் கண்டுபிடித்தார்கள். ஆக, நாம் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது ஒரு குறையை.

அழகாத்தானே இருக்கு என்பீர்கள். சரி, நிறம் பறவையைக் கொல்லாது. கொல்வது நம் அவசரம். நீலம் ஒடுங்கு பண்பு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வர வேண்டும். சீக்கிரம் வேண்டுமென்று கூடப்பிறந்ததையே ஜோடி சேர்ப்பார்கள். நானும் சேர்த்தேன். இரண்டு முறை அடைகாத்தது. பாதிக் குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே செத்தன. என் நோட்டில் இருப்பது பிழைத்தவற்றின் நிறம் மட்டும்.

இனி ரேட்டு கேட்கும் முன், இதன் அப்பா அம்மா யார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வெறுங்கையோடு வீட்டுக்கு வாருங்கள்.