திறவுகோல் யார் கையில்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

தவறான தீர்ப்பு வழங்கியதற்காகப் பாண்டிய மன்னன் அரியணையிலேயே உயிர்விட்டான் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். ஆனால் அங்கே நீதிபதியும் குற்றவாளியும் ஒருவரே என்பதை எண்ணிப் பார்த்தோமா? மன்னனின் மனச்சான்று உறங்கியிருந்தால் கண்ணகிக்கு நீதி ஏது? ஆள்வோரின் மனச்சான்றை மட்டும் நம்பிக் குடிமக்கள் வாழலாகாது. அதனால்தான் நம் அரசியல் சட்டத்தின் 50ஆம் பிரிவு நீதித் துறையை ஆட்சித் துறையிலிருந்து பிரித்து வைக்கச் சொல்கிறது.

கட்சியின் கணக்கைக் கேட்ட எம்.ஜி.ஆர். 1972இல் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார். அவர் தொடங்கிய கட்சிக்கு முதல் வெற்றியைத் தந்தது, 1973 மே மாதம் நடந்த நம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். கணக்குக் கேட்டவருக்கு வாக்களித்த மண் இது! பின்னாளில் அதே கட்சியின் தலைவி செல்வி ஜெயலலிதாவிடம், அவர் முதல்வராயிருந்த 1991–96ஆம் ஆண்டுகளின் சொத்துக்கு நீதிமன்றம் கணக்குக் கேட்க நேர்ந்தது காலத்தின் விந்தை.

வருமானத்துக்கு மேல் 66 கோடி ரூபாய்க்குச் சொத்து என்பது குற்றச்சாட்டு. 2001இல் அவர் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். முன்பே சாட்சி சொன்ன 76 பேர் திரும்ப அழைக்கப்பட்டனர்; 64 பேர் பிறழ்ந்தனர்! அரசு வழக்கறிஞரை நியமிப்பதும் அரசு. அந்த அரசின் தலைமையில் இருப்பவரே குற்றம் சாட்டப்பட்டவர். பேராசிரியர் க. அன்பழகனின் மனுவை ஏற்று, உச்ச நீதிமன்றம் 2003 நவம்பர் 18 அன்று வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. 2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி குன்கா நான்கு ஆண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார்.

கணித மாணவர்கள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. மிகுதிச் சொத்து 8.12 விழுக்காடே, பத்துக்குள் அடங்குகிறது என்றது தீர்ப்பு. ஆனால் அதில் அடுக்கப்பட்ட கடன் தொகைகளைக் கூட்டினால் 10 கோடியே 67 லட்சம்தான் வரும். எழுதப்பட்டதோ 24 கோடியே 17 லட்சம்! உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரி 14 அன்று அந்த விடுதலையை ரத்து செய்தது. அதற்குள் முதன்மைக் குற்றவாளி மறைந்து விட்டார். மற்ற மூவர் சிறை சென்றனர். வழக்குத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஓடியிருந்தன.

எதிர்க்கட்சியார் மூட்டிய வழக்குதானே என்பர் சிலர். இருக்கட்டுமே! மனுப் போட்டவர் யார் என்பதா, கூட்டல் சரியா என்பதா கேள்வி?

நீதிபதி மட்டும் சுதந்திரமாய் இருந்தால் போதாது. சாட்சியும் அரசு வழக்கறிஞரும் அச்சமின்றி இயங்க வேண்டும் என்பதே இவ்வழக்கு தரும் பாடம். பூட்டுக்குப் பேர் போன ஊர் நம்முடையது. எத்துணை உறுதியான பூட்டானாலும் திறவுகோலைக் கள்வன் கையில் கொடுத்து விட்டால் என்ன பயன்? குற்றம் சாட்டப்பட்டவர் ஆட்சியில் இருக்கும்போது, அரசு வழக்கறிஞரை உயர் நீதிமன்றமே தேர்ந்தெடுக்க வேண்டும். மக்கள் பிரதிநிதிகள் மீதான வழக்குகளை உயர் நீதிமன்றங்களே கண்காணிக்க வேண்டுமென்று 2023 நவம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது நல்ல தொடக்கம். அதற்குக் கால வரையறையும் வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் என் தந்தை கொடுத்த 500 ரூபாய் அவருடைய ஒரு நாள் கூலி. கேட்டவர் சிறிதும் கூசவில்லை. மேலே கணக்குக் கேட்க இருபது ஆண்டு ஆகும் நாட்டில் கீழே இருப்பவர் ஏன் கூச வேண்டும்?

மாணவத் தோழர்களே! நம்மில் சிலர் நாளை அந்த நாற்காலிகளில் அமரப் போகிறோம். பலர் வாக்குச் சாவடியில் நிற்கப் போகிறோம். தலைவர் எவராயினும், அவர் கொடி எந்நிறமாயினும், கூட்டிப் பார்த்துக் கணக்குக் கேட்போம். அன்று கேட்ட திண்டுக்கல் இன்றும் கேட்கட்டும்!