பழைய போனை ‘ரூட்’ பண்ணலாமா?



வெளிநாட்டு உறவினர்கள் தாம் பாவித்துவிட்டு அனுப்பிய ஸ்மார்ட் போன்கள்தான் நம்மில் பலரிடம் இருக்கின்றன. இடம் நிறைந்து, வேகம் குறைந்ததும், “ரூட் பண்ணினால் புதுசு போல ஓடும்” என்று கடைத் தம்பிமார் சொல்வார்கள். “செய்யலாமா அக்கா?” என்று என்னிடம் கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அன்ட்ரொய்ட் போன்களின் அடித்தளம் லினக்ஸ். அதில் முழு அதிகாரமும் கொண்ட கணக்கின் பெயர்தான் ‘ரூட்’. போனை விற்கும் நிறுவனங்கள் அந்த அதிகாரத்தை நமக்குத் தருவதில்லை. அதைப் பெற்றுக்கொண்டால், போனோடு வந்த வேண்டாத செயலிகளையும் நீக்கலாம். நமக்குப் பெரிதாகப் பயன்படும் நன்மை அவ்வளவுதான். 2025 ஜனவரி முதல் அன்ட்ரொய்ட் 5.0க்குக் கீழ்ப்பட்ட போன்களில் வட்ஸ்அப் இயங்குவதில்லை. ரூட் பண்ணுவதால் மட்டும் அது திரும்பி வராது.

இனி ஆபத்துகளைப் பார்ப்போம்.

ரூட் பண்ணுவதற்கு முன் பொதுவாகப் போனின் உட்பூட்டைத் திறக்க வேண்டும். பெரும்பாலான போன்களில் அப்போதே உள்ளிருக்கும் எல்லாம் அழிந்துவிடும். பொருந்தாத கோப்பை ஏற்றினாலோ, இடையில் சார்ஜ் தீர்ந்தாலோ போன் வெறும் செங்கல்லாகிவிடலாம்.

ஒரு செயலி மற்றச் செயலியின் தகவல்களைப் பார்க்காதபடி அன்ட்ரொய்ட் மறைப்பு வைத்திருக்கிறது. ரூட் அதிகாரம் பெற்ற செயலிக்கு அந்த மறைப்பு இல்லை. வங்கிச் செயலிகள் பல இத்தகைய போன்களில் இயங்க மறுப்பது இதனால்தான். நொக்ஸ் பாதுகாப்புள்ள சாம்சங் போன்களிலோ, பழையபடி மாற்றினாலும் ரூட் பண்ணிய அடையாளம் அழியாது.

இடம்பெயர்வில் அல்பங்களைத் தொலைத்த நமக்கு, கணவரின், பிள்ளையின் ஒரே படம் அந்தப் போனில்தான் இருக்கக்கூடும். காணாமற்போனவருக்காகக் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியும் அதிலேயே இருக்கலாம். அழிந்தால் எங்கே தேடுவது?

ஆகவே, கடைக்குப் போகுமுன் படங்களை மெமரி காட்டிலும் இன்னொருவர் போனிலும் பிரதி எடுத்து வையுங்கள். முக்கியமானவற்றை ஸ்டூடியோவில் கழுவி எடுங்கள். பிறகு, பாவிக்காத செயலிகளை நீக்குங்கள். நீக்க முடியாதவை பலவற்றை ‘செட்டிங்ஸ்’ பகுதியிலேயே முடக்கி வைக்கலாம். வட்ஸ்அப்பில் குவிந்த வீடியோக்களை அழித்தாலே போதிய இடம் கிடைக்கும். இவற்றுக்குச் செலவில்லை.

வேறு போன் கையில் இருந்தால், பழையதில் ரூட் பண்ணிப் பழகுங்கள், தொழிலாகக்கூட அமையலாம். இருப்பது அந்த ஒன்றுதான் என்றால், யார் சொன்னாலும் கை வைக்க விடாதீர்கள்.