செத்த மாடும் செத்த பேட்டரியும்

மாட்டுத்தாவணி என்றால் மாட்டுச் சந்தை. விற்றவன் ஒருத்தன், வாங்கியவன் ஒருத்தன். மாடு செத்தால் தூக்கிப்போட மட்டும் எங்க சேரிக்கு ஆள் அனுப்புவார்கள். இப்போது அங்கே பஸ்ஸும் ஆட்டோவும் நிற்கின்றன. சாவது பேட்டரி. கூப்பிடுவது அதே சேரியைத்தான்.

எங்க அண்ணன் ஒரு பழைய இரும்புக் கடையில் எட்டு வருசம் பேட்டரி உடைத்தார். கோடாலியால் மூடியைப் பிளந்து, ஆசிட் தண்ணியைச் சாக்கடையில் கவிழ்த்து, காரீயத் தகட்டை உருவிக் குவிக்கணும். கையுறை கிடையாது. அந்தத் தூசிச் சட்டையோடதான் வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்குவார். வயித்துவலின்னு துடிச்சப்ப, குடியால வந்ததுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவர் குடிக்கிறவரே இல்லை.

'ஈயம்தானே, பாத்திரத்துக்குப் பூசுறதுதானே' என்பாள் அம்மா. பூசுவது வெள்ளீயம் அம்மா, இது காரீயம். குழந்தையின் மூளையைத் தின்னும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். செனகல் நாட்டில் தியாரோய் என்ற இடத்தில் பழைய பேட்டரியிலிருந்து காரீயம் எடுத்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் செத்தன.

சட்டம் இல்லாமல் இல்லை. காரீய பேட்டரி விற்கிறவர் பழசைத் திரும்ப வாங்கணும் என்றது 2001 விதி. 2022 விதி டார்ச் செல், செல்போன் பேட்டரி வரை எல்லாவற்றையும் சேர்த்துத் தயாரிப்பாளர் தலையில் பொறுப்பைக் கட்டியது. ஆனால் நூறு ரூபாய் கூடக் கொடுத்தால் பேட்டரி எந்தக் கடைக்குப் போகும்? தோழர்களே, உங்க வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை யாரிடம் போட்டீர்கள்? ரசீது வாங்கினீர்களா?

சுற்றுச்சூழல் பேசும் நண்பர்கள், 'அந்தக் கடைகளை இழுத்து மூடணும்' என்கிறார்கள். மூடிய மறுநாள் எங்க அண்ணன் எங்கே போவார், மலக்குழிக்கா? பதிவு பெற்ற ஆலையில் முகக்கவசமும் புகைபோக்கியும் வைத்து இதே வேலை நடக்கிறது. அந்த வேலையை மாதச் சம்பளத்தோட எங்காளுக்குக் கொடு. உடைத்தவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று அரசு ஆஸ்பத்திரியில் பார். அப்புறம் மூடு.

அண்ணன் மகன் ஆறாவது படிக்கிறான். படிச்சது நிக்கலையாம். 'உங்காளுகளுக்குப் படிப்பு ஏறாது' என்கிறார் வாத்தியார். அவன் ரத்தத்தை இதுவரை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.