வேலூரில் இருந்த ராஜாக்கள்

வேலூருக்குப் பள்ளிச் சுற்றுலா என்றால் நிகழ்ச்சி நிரலை யாரும் எழுதவே வேண்டாம். காலையில் பொற்கோயில், மத்தியானம் புளிசாதம், வெயில் தாழ்ந்ததும் கோட்டை. ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டு, கல்யாண மண்டபத்துத் தூண்களைத் தடவிப் பார்த்து, அகழி ஓரம் குரூப் போட்டோ எடுத்துவிட்டால் வரலாறு முடிந்தது. இந்த முறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு துணைக்குப் போன நான், முதலில் கோட்டை, மற்றதெல்லாம் பிறகு என்று அடம்பிடித்தேன். தலைமையாசிரியர் அரை மனசோடு சரி என்றார்.

திப்புவின் குடும்பத்தைச் சிறைவைத்த இடம் என்று வகுப்பிலேயே சொல்லித்தான் கூட்டிப்போயிருந்தேன். சினிமா பார்த்து வளர்ந்த பிள்ளைகள். பாதாள அறை, சங்கிலி, சாட்டை என்று எதிர்பார்த்து வந்துவிட்டார்கள். உள்ளே நுழைந்து கால் மணி நேரத்தில் ஒரு பையன், "கம்பி எங்க சார்?" என்றான். பக்கத்திலிருந்த பெண் மகால்களின் பெயர்களைக் கேட்டுவிட்டு, "இதுல இருக்கச் சொன்னா நான் இருப்பேன் சார்" என்றாள்.

அவள் மேல் தப்பில்லை. ராஜாக்களை அடைத்துவைத்த கட்டடங்களுக்கு இங்கே திப்பு மகால், ஹைதர் மகால், பேகம் மகால், கண்டி மகால் என்றுதான் பெயர். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தபின், பிள்ளைகள், பெண்கள், பரிவாரம் என்று மொத்தக் குடும்பத்தையும் கிழக்கிந்தியக் கும்பினி இங்கே கொண்டுவந்து வைத்தது. மாதப் படி கொடுத்தது. வேலைக்காரர்களை விட்டுவைத்தது. வாசலில் மட்டும் காவல். எதிரி உள்ளே வராதிருக்க நாயக்கர் காலத்தில் வெட்டிய அகழி, உள்ளே இருந்தவர்கள் வெளியே போகாதிருக்கவும் உதவியது. கும்பினிக்கு அது செலவில்லாத காவல். கை நீட்டிப் படி வாங்குகிறவன் கத்தி எடுக்க மாட்டான் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

திப்புவின் பிள்ளைகளில் மொய்சுதீன் என்று ஒருவர். 1792இல் திப்பு தோற்று உடன்படிக்கை செய்தபோது கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸிடம் பிணையாக ஒப்படைக்கப்பட்ட இரண்டு சிறுவர்களில் அவரும் உண்டு. சென்னையில் பிணையாக வளர்ந்து, இரண்டு வருஷம் கழித்து அப்பாவிடம் திரும்பி, கடைசியில் வேலூருக்கு வந்து சேர்ந்தார். இதைச் சொன்னபோதுதான் பிள்ளைகளின் சளசளப்பு நின்றது. அந்தச் சின்ன வயது உறைத்திருக்க வேண்டும்.

கணக்கு தப்பியது 1806 ஜூலை 10 விடியுமுன். தாடி மழிக்க வேண்டும், நெற்றிக்குறி கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தொப்பி அணிய வேண்டும் என்று வந்த உத்தரவுகளால் கொதித்துப்போயிருந்த கும்பினியின் இந்தியச் சிப்பாய்கள், தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் படையைத் தாக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கொடிமரத்தில் திப்புவின் கொடி ஏறியது. மூத்த மகன் ஃபத்தே ஹைதரை அரசர் என்று கூவினார்கள். சில மணி நேர ராஜாங்கம். ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்காரத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்ததும் எல்லாம் முடிந்தது. பிடிபட்டவர்களில் நூறு பேர் அளவுக்குச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சிப்பாய்கள் பக்கம் அன்று இறந்தவர்கள் பல நூறு. அரண்மனைப் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு ஏற்றிவிட்டார்கள். கல்கத்தாவில் இன்றும் நிற்கும் திப்பு சுல்தான் மசூதி, இங்கிருந்து போன கடைசி மகன் குலாம் முகமது 1842இல் கட்டியது.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். அடுத்து வந்தவரைத்தான் நாம் மறந்துவிட்டோம். இலங்கையில் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பட்டத்துக்கு வருமுன் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழி. 1815இல் பிடித்து, மறு வருஷம் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தார்கள். 1832 ஜனவரி 30 அன்று இறக்கும்வரை வேலூர்தான். எந்த மண்ணிலிருந்து அவர் முன்னோர் போனார்களோ அந்த மண்ணுக்கே கைதியாகத் திரும்பினார். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் அவர் ஆடிய தந்தச் சதுரங்கப் பலகை இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டி நின்ற ஒரு பையன், "நாட்டைப் பறிச்சுட்டு விளையாட மட்டும் விட்டாங்களா சார்?" என்றான். நான் வகுப்பில் அரை மணி நேரம் பேசியதை அவன் ஒரு வரியில் முடித்துவிட்டான். பதினாறு வருஷம் அந்தப் பலகையில் எத்தனை ஆட்டம் நடந்ததோ, எதிரே உட்கார்ந்து ஆடியவர் யாரோ.

  

இவ்வளவும் இருந்தும் மகால்கள் பலவற்றுக்குள் பார்வையாளர் போக வழியில்லை. பூட்டியிருக்கும் கதவைக் காட்டிப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. இரண்டு மகால்களையாவது திறந்து, யார் யார் எந்த வருஷம் அங்கே இருந்தார்கள் என்று தமிழில் ஒரு பலகை வைப்பது தொல்லியல் துறைக்குப் பெரிய செலவில்லை. வேலூருக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாலாற்றங்கரையில் கண்டி அரசரின் சமாதி இருக்கிறது. முத்து மண்டபம் என்று கேட்டால் சொல்வார்கள். கோட்டையிலிருந்து ரொம்பத் தூரமில்லை. பொற்கோயிலுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது. பஸ்ஸை அந்தப் பக்கமாக ஒருமுறை திருப்புங்கள்.