எழுதப்படாத பத்திக்கு எந்த மையால் கோடு போடுவது?

கல்வியாண்டு தொடங்கியதும் நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் ‘வாசிப்புத் திறன்’ பயிலரங்குகளும் தொடங்கிவிடுகின்றன. வழங்கப்படும் மருந்து பெரும்பாலும் ஒன்றே: மேலோட்டமாகப் பார், வினா எழுப்பு, வாசி, சொல்லிப்பார், திரும்பப் பார். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்காகப் பிரான்சிஸ் ராபின்சன் 1940களில் வகுத்த எஸ்கியூ3ஆர் முறை இது. முறையில் குற்றமில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை ஒடியாவிலோ மராத்தியிலோ பயின்றுவிட்டு ஆங்கிலப் பொருளியல் நூலின் முன் முதன்முறையாக அமரும் மாணவருக்கும் அதையே ஊட்டி, புரியவில்லை என்றால் ‘வாசிப்புப் பழக்கமற்ற தலைமுறை’ என்று பழிக்கிறார்களே, அதுதான் குற்றம்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம்: ‘ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை உயர்த்தியதால் வீட்டுக்கடன் தவணைகள் கூடும்.’ இதில் இலக்கணச் சிக்கல் ஏதுமில்லை. ஆனால் ‘உயர்த்தியதால்’ என்பதற்கும் ‘கூடும்’ என்பதற்கும் இடையே எழுதப்படாத பத்தி ஒன்று இருக்கிறது. வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலக் கடன் பெறும் வட்டியே ரெப்போ. அது ஏறினால் வங்கிகளுக்குப் பணத்தின் விலை ஏறும். மாறும் வட்டியில் கடன் வாங்கியவர் தலையில் அது வந்து விடியும். நூலாசிரியர் இதை வாசகர் அறிவார் என்று கருதித் தாண்டிச் செல்கிறார். தாளில் இல்லாத பத்தியை எந்த ஹைலைட்டர் காட்டித் தரும்?

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் 64 பள்ளி மாணவர்களுக்குப் பேஸ்பால் ஆட்ட விவரணை ஒன்றை வாசிக்கக் கொடுத்தனர். வாசிப்புத் தேர்வில் பின்தங்கியிருந்தும் ஆட்டத்தை அறிந்தவர்கள், ஆட்டம் அறியாத ‘நல்ல வாசகர்’களை விஞ்சினர்.

உத்திகளால் பயனே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1984இல் பாலின்சாரும் பிரவுனும் சுருக்குதல், வினவுதல், தெளிவுபடுத்தல், முன்னுணர்தல் ஆகிய நான்கையும் கற்பித்துப் பலன் கண்டனர். ஆனால் அவர்கள் மாணவரோடு அமர்ந்து நாள்தோறும் உரையாடினர். அரை நாள் பவர்பாயிண்ட் காட்டிச் சான்றிதழ் வழங்கவில்லை. 2013இல் டன்லோஸ்கி குழுவினர் பத்துக் கற்றல் உத்திகளை மதிப்பிட்டபோது அடிக்கோடிடுதலும் மறுவாசிப்பும் கடைநிலைக்கே வந்தன. முதலிடம் பெற்றவை தன்னைத்தானே சோதித்தலும் இடைவெளி விட்டுப் பயிலுதலும். நூலை மூடிவிட்டு ‘தவணை ஏன் கூடுகிறது?’ என்று தன்னையே கேட்கும் மாணவருக்கு, குறைந்தபட்சம் தமக்கு எது தெரியவில்லை என்பதாவது தெரியவரும்.

தெரிந்தபின் அவர் யாரிடம் போவார்? அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. அதன் சொற்களஞ்சியங்களில் எத்தனை முதலாண்டு வகுப்பறைக்கு வந்து சேர்கின்றன? வந்தாலும் சொல்லுக்குச் சொல்தான் கிடைக்கும். இடைப்பட்ட பத்தியை மாணவரின் மொழியில் ஒருவர் விளக்க வேண்டும். பல துறைகளில் அந்த ஒருவரின் பணியிடமே காலியாகக் கிடக்கிறது. பயிலரங்குக்கு மட்டும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கப்படுகிறது.