எரிகோ பாடத்தின் மிச்சம்: ஞாயிறு பள்ளி ஆசிரியர்களின் நிலைப்பாடு

இஸ்ரவேலர் சுற்றி வந்து ஆர்ப்பரித்ததும் மதில் விழுந்த எரிகோ நகரத்தின் பாடம் என்றால் சிறு பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நாற்காலிகளை மதிலாக அடுக்கி, ஏழு முறை சுற்றி வந்து ஆர்ப்பரிப்பார்கள். நாற்காலிகள் சரிந்ததும் வகுப்பு முடிந்துவிடும். ஆனால் யோசுவா 6-ஆம் அதிகாரம் அங்கே முடிவதில்லை. 21-ஆம் வசனத்தில் ஆண், பெண், வாலிபர், முதியவர், ஆடு, மாடு, கழுதை எல்லாமே பட்டயத்துக்கு இரையாகின்றன. 1 சாமுவேல் 15-இல் அமலேக்கியரின் பால்குடிக் குழந்தைகளையும் கொல்லும்படி சவுல் ராஜாவுக்குக் கடவுளின் கட்டளை வருகிறது. சத்துருக்களை நேசிக்கச் சொன்னவரும் இப்படிக் கட்டளையிட்டவரும் ஒரே கடவுளா என்று வளர்ந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை இனி நாங்கள் தட்டிக்கழிக்க மாட்டோம்.

குழந்தையைக் கொல்வது எந்தக் காலத்திலும், யார் பெயரால் செய்தாலும், தீமையே. எரிகோவில் வாழ்ந்த கானானியரின் அக்கிரமம் நிறைவாகிவிட்டது என்று சமாதானம் சொல்வதுண்டு. பால்குடிக்கு ஏது அக்கிரமம்? கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் மோவாப் அரசன் மேசா வெட்டிவைத்த கல்வெட்டு, நேபோ ஊரில் இஸ்ரவேலர் 7,000 பேரைத் தன் தெய்வத்துக்கென்று கொன்றதாகப் பெருமை பேசுகிறது. அக்கால அரசர்கள் போரைப் பற்றிப் பேசிய விதம் அது. இஸ்ரவேலரும் தங்கள் போர்களை அப்படியே எழுதிவைத்தார்கள் என்றே நாங்கள் வாசிக்கிறோம்.

கடவுளின் மனதை அறிய எங்களுக்கு இயேசுவே அளவுகோல். சமாரியர் கிராமம் ஒன்று அவரை ஏற்காதபோது, வானத்திலிருந்து அக்கினியை வரவழைக்கலாமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டார்கள். எலியா தீர்க்கதரிசி அப்படிச் செய்ததாக வேதத்திலேயே இருக்கிறது. இயேசுவோ அந்தச் சீஷர்களை அதட்டிவிட்டு வேறொரு கிராமத்துக்குப் போனார்.

அதற்காகப் பழைய ஏற்பாட்டைத் தள்ளிவிடவும் மாட்டோம். அப்படித் தள்ளிய மார்சியோனை கி.பி. 144-இல் ரோமாபுரி சபை விலக்கிவைத்தது. அது சரியான முடிவு. பிறனை நேசி என்ற கட்டளை லேவியராகமம் 19-இல் இருக்கிறது. அந்நியனையும் அப்படியே நேசிக்க வேண்டும் என்று அதே அதிகாரம் சொல்கிறது. பழையது கொடுமை, புதியது அன்பு என்று பிரித்துப் பேசுவது உண்மையல்ல. யூதர்மீதான வெறுப்புக்கும் அது தீனி போட்டிருக்கிறது.

எரிகோ பழங்கதைதானே என்று விட முடியாது. 1637-இல் இன்றைய அமெரிக்காவின் கனெடிகட்டில், மிஸ்டிக் ஆற்றருகே இருந்த பீக்வாட் பழங்குடியினரின் குடியிருப்பை ஆங்கிலேயர் தீயிட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் உள்ளேயே எரிந்தார்கள். ஆங்கிலேயத் தளபதிகளில் ஒருவரான ஜான் அண்டர்ஹில், வேதத்தில் வரும் தாவீதின் போரை எடுத்துக்காட்டி அதை நியாயப்படுத்தினார்.

ஆகவே சிறு பிள்ளைகளுக்கு எரிகோவை வெற்றி விளையாட்டாக நடத்த மாட்டோம். பதின்ம வயதினருக்கு அதிகாரம் முழுவதையும் வாசித்துக் காட்டுவோம். பிற சமயத்து அயலாரைக் கானானியர், அமலேக்கியர் என்று சொல்லும் பேச்சுக்கு எங்கள் வகுப்பில் இடமில்லை. பிள்ளையின் கேள்விக்கு ஆசிரியரிடம் பதில் இல்லையென்றால், அதை அங்கேயே ஒப்புக்கொண்டு, அடுத்த வாரம் பெற்றோரையும் ஆயரையும் அழைத்து எல்லோருமாகப் பேசுவோம்.