மூன்று நாள் கடையை விட முடியுமா?

சரக்கெடுக்க இந்தியா போகும் நம்மவர்கள் சென்னையையும் திருப்பூரையும் தவிர வேறு ஊர் பார்ப்பதில்லை. நானும் இருபது வருடமாக அப்படித்தான். இம்முறை பரம்பிக்குளம் காட்டுக்குப் போவதென்று முடிவெடுத்திருக்கிறேன்.

இது கேரளாவின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள புலிகள் காப்பகம். ஆனால் வாகனப் பாதையோ தமிழ்நாட்டுப் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான். இரண்டு மாநிலத்துச் சோதனைச் சாவடியும் தாண்ட வேண்டும். வெள்ளைக்காரன் வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்ட இடம் என்பதால் டாப்ஸ்லிப் என்று பெயர் வந்ததாம். பலகை வியாபாரியான எனக்கு இது போதாதா? அங்கே கன்னிமாரா என்றொரு தேக்கு நிற்கிறது. சுற்றளவு ஏறக்குறைய 7 மீற்றர். வயது 450க்கு மேல் என்கிறார்கள். கோடரி பட்டதும் இரத்தம் வந்ததாக மலைவாசிகள் நம்பியதால் தப்பியதாம்! மரத்துக்கு விலை மட்டும் போட்டுப் பழகிய கண்ணால் அதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கூட வரும் நண்பர், "பொள்ளாச்சியில் தேங்காய் விலை பார்த்துவிட்டு, காலையில் போய்ப் பகலுக்குத் திரும்பலாம் நானா" என்கிறார். நடக்காத காரியம். தங்குமிடம் கொஞ்சம்தான், முன்கூட்டியே வனத்துறையில் பதிய வேண்டும். வழிகாட்டி இல்லாமல் உள்ளே சுற்ற முடியாது. காடர், மலசர் போன்ற பழங்குடியினருக்கு அந்த வேலை கிடைக்கிறது. காசு கையிலிருந்தும் இடமில்லை என்றால் நமக்குக் கோபம் வரும். ஆனால் என்னைக் கேட்டால் அவர்கள் செய்வதே சரியான வியாபாரம். கூட்டத்தை அள்ளிப்போட்டால் இரண்டு வருடத்தில் விற்கக் காடு இருக்காது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம். பொங்கல் விடுமுறையில் நெரிசல். ஆகவே ஜனவரிக் கடைசி வாரம். திருச்சியில் இறங்கி, பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சி போவதாக உத்தேசம்.

பயணச் செலவு பெரிய விடயமல்ல. காட்டுக்குள் கைத்தொலைபேசி சரியாக வேலை செய்யாது என்பதுதான் என் வயிற்றைக் கலக்குகிறது. லொறி வந்தால் யார் அளப்பது, கடனுக்குக் கேட்டால் யார் மறுப்பது? மகனுக்கு முப்பது வயதாகிறது, இன்னும் கல்லாப்பெட்டிச் சாவி என் இடுப்பில்தான். கடை அவனுக்குத் தெரியாததல்ல, நான்தான் விடவில்லை. காசோலையில் கையெழுத்து வைத்துக் கொடுப்பதா, வங்கியில் அவன் பெயரையும் சேர்ப்பதா என்று இந்தக் கிழமைதான் வீட்டில் பேச்சு நடக்கிறது.